மணவேலியில் எழாத புகை

மாசி மாதத்து நிலவு கொள்ளிடத்தின் மணல்திட்டுகளுக்கு மேல் மெல்ல எழுந்துகொண்டிருந்த அந்த அந்திப்பொழுதில், தென்கரை மணவேலியின் தவன வயல்களில் பிறந்த நறுமணம் தென்றலோடு கலந்து அக்கரைப் பகைவர் நாடு வரை சென்றது. அதை நுகர்ந்து நாம் மயங்கலாம், வாசகர்களே. அவ்வூரில் தைலம் வடிக்கும் சேந்திக்கோ வயிறு எரிந்தது! மொட்டவிழும் பருவத்தில் அறுத்து, அன்றே வாலை என்னும் வடிகலத்தில் ஏற்றித் தைலம் வடிக்காவிட்டால் தவனம் வெறும் வைக்கோல். ஊர் முழுவதற்கும் ஆண்டெல்லாம் சோறு போடுவது அந்தத் தைலந்தான். ஆனால் வடகரையைத் தாக்க இலுப்பைத் தோப்பில் மறைந்திருந்த தென்கரைப் படை ஆற்றைக் கடக்கும் வரை கரையில் யாரும் தீ மூட்டலாகாது என்று சேனாபதி கட்டளையிட்டிருந்தார். காலையில் அறுத்த தவனம் அடுப்பருகே வாடிக் கிடந்தது.

"மாசிதோறும் இங்கே புகை எழும், ஐயா. அக்கரையான் அதைப் பார்த்துப் பழகியவன். எழாவிட்டால்தான் சந்தேகப்படுவான்!" என்றாள் சேந்தி, பாசறை வாயிலில்.

காவல் தலைவன் கச்சிராயன் நகைத்தான். "படை நடத்த எமக்குக் கற்பிக்க வந்தாயோ? சேனாபதி ஆலோசனையில் இருக்கிறார். நாளை வா."

"நேற்றும் நாளை என்றீர். அந்த நாளை எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது?"

வேல்கள் குறுக்கே சாய்ந்தன. கண்ணீரும் கோபமுமாக அவள் துறைக்கு வந்தபோது, ஓடத்தில் அமர்ந்திருந்த இளைஞன் எழுந்து பணிவுடன் வினவினான்: "ஏன் அம்மணி, இவ்வாண்டு உங்கள் ஊரில் அடுப்பு எரியவில்லையே?"

எத்தனையோ நாளாகப் பரிவோடு பேசிய முதல் குரல்! அவன் விழிகளில் இருந்த கனிவில் அவள் நெஞ்சம் இளகிவிட்டது.

"தோப்புக்குள் ஒளிந்திருக்கும் படையைப் போய்க் கேளும்!" என்று பொரிந்து தள்ளினாள்.

மறுகணம் ஓடம் கரையை விட்டு விலகியது. "மன்னியுங்கள், அம்மணி. மணவேலியில் புகை எழாத காரணத்தை அறிந்துவரத்தான் வடகரை மன்னர் என்னை அனுப்பினார். உங்கள் தைலத்தின் மணத்தை மறக்கமாட்டேன், உங்களையுந்தான்!"

பாவி! ஒற்றன்! தன் வாயாலேயே கெடுத்துவிட்டாளே! கச்சிராயனிடம் ஓடினால் மறுபடியும் 'நாளை வா' என்பான். சேந்தி ஊருக்குள் ஓடினாள்.

"எல்லா அடுப்பையும் மூட்டுங்கள்! படை ஒளிந்திருக்கும் இடத்தில் இவ்வளவு புகை எழுமா? ஒற்றன் சொல்வதை அக்கரையில் எவனும் நம்பமாட்டான்!"

வாலைகளின் அடியில் தீ சீறியது. நிலவொளியில் வெண்புகை திரள்திரளாய் எழ, நடுவாற்றில் ஒற்றனின் துடுப்பு அப்படியே நின்றது.

கச்சிராயன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "யார் தீ மூட்டியது? சேனாபதி உன்னை அழைக்கிறார்!"

சேந்தி அடுப்பில் இன்னொரு கட்டையைச் செருகினாள்.

"தைலம் இறங்குகிறது. நாளை வரச் சொல்லும்."