வாசிப்பு: சுழியம்

பொதுநூலகத்தின் நீக்கப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும், வேறு யாரோ ஒரு குயிலி என்றுதான் சாருமதி முதலில் நினைத்தாள். பிறகு தலைப்பு கண்ணில் பட்டது. 'ஆனைமலைப் பாறைகளில் கல்பாசியின் வளர்வேகம். முனைவர் பட்ட ஆய்வேடு. ஆசிரியர்: சா. குயிலி.' கடைசிக் கட்டத்தில் எட்டு ஆண்டுகளின் மொத்தம் இருந்தது. மனித வாசிப்பு: சுழியம்.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். பீளமேட்டு வெயில் முகத்தில் அடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். சுழியம் அப்படியேதான் இருந்தது.

எட்டு வருடங்களாக, காய்ச்சலிலும் பயணத்திலும்கூடத் தவறாமல், காலை ஆறு பத்துக்கு அவள் அந்த ஆய்வேட்டைத் திறந்திருக்கிறாள். மகளோடு அவளுக்கு இருந்த ஒரே பேச்சு அதுதான்.

இருவருக்கும் சண்டை என்று ஒன்று நடக்கவில்லை. ஆய்வேடு பொதுநூலகத்தில் ஏறிய அன்று குயிலி வால்பாறையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். சாருமதி வாய் தவறிக் கேட்டது ஒரே கேள்வி.

"இதை எத்தனை பேரு படிப்பாங்க கண்ணு?"



"நீ ஒருத்தி படிம்மா, போதும். படிச்சா எண்ணிக்கையில தெரியும்ல? அது உங்க ஆபீஸ் கண்டுபிடிச்சதுதானே. தெரியற அன்னைக்குப் பேசறேன்."

அதன்பின் அவள் பேசவில்லை. எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தும் பேசவில்லை என்றால் கோபம் இன்னும் தீரவில்லை என்று சாருமதி எடுத்துக்கொண்டாள். வாசிப்புகளை எண்ணும் அவளுடைய அலுவலகமான எண்ணகத்தில் வேலை செய்பவர்கள் சொந்தக்காரர்களின் எண்ணிக்கையைத் திறந்து பார்க்கக்கூடாது என்று விதி. அவளும் பார்த்ததில்லை. கோபம் தீரட்டும் என்று காத்திருந்தாள்.

"சென்னியப்பன், கொஞ்சம் வர்றீங்களா?"

அடுத்த மேசையிலிருந்து சென்னியப்பன் தேநீர்க் குவளையோடு வந்தான். அவளோடு இருபது வருடம் வேலை பார்த்தவன்.

"என்னங்க மேடம், மூஞ்சி இப்படி இருக்குது? வெளிநாட்டுப் பதிப்பகம் மறுபடியும் சண்டைக்கு வந்துட்டானா?"

"இதோட மூலப்பதிவை எடுங்க. வடிகட்டறதுக்கு முன்னாடி இருக்கறது. எனக்கு உரிமை இல்ல, நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவன் தலைப்பைப் படித்தான். சிரிப்பு நின்றது. தன் திரைக்குப் போனான்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பதிப்பகமும் தன் இஷ்டத்துக்கு எண்ணிக்கொண்டிருந்தது. ஒருவர் விரல் பட்டதை எல்லாம் வாசிப்பு என்றார். இன்னொருவர் இறக்கிவைத்ததை எல்லாம் வாசிப்பு என்றார். தேடுபொறிகள் இரவும் பகலும் மேய்ந்த பக்கங்களும் அதில் சேர்ந்தன. எந்த நூல் உண்மையில் படிக்கப்படுகிறது என்று எந்த நூலகத்தாலும் சொல்ல முடியவில்லை. அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது, எல்லோருக்கும் ஒரே எண்ணும் முறையை வகுத்த ஒருமை நெறி. திரைகளில் விழிமானி வந்தது. கண் வரி வரியாக நகர்ந்து பக்கம் கடந்தால்தான் வாசிப்பு. எண்ணிக்கையைக் கூட்டச் சிலர் திரைக்கு முன் பொய்க்கண் பொம்மைகளை வைக்க ஆரம்பித்ததும் ஏழாம் விதி சேர்ந்தது. ஒரே கருவியிலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே பக்கத்தைத் திறந்து, முன்னேறாமல் நிற்கும் கண் இயந்திரக் கண். எட்டு ஆண்டு சுழியத்தில் கிடக்கும் படைப்பு பொதுநூலகத்திலிருந்து நீக்கப்படும்.

ஏழாம் விதியை எழுதியவள் சாருமதி. அதற்காக அவளுக்கு ஒரு பட்டயம்கூடக் கொடுத்தார்கள்.

சென்னியப்பன் திரும்பி வந்து நின்றான்.

"தினமும் ஆறு பத்துக்கு ஒரு வருகை இருக்குதுங்க. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். மொத்தத்தையும் ஏழாம் விதி தூக்கியிருக்குது." தயங்கினான். "நீங்களுங்களா?"

"ம்."

"அட எழவே. உங்களையே பொம்மைனு சொல்லிருச்சே." சிரிக்கப் பார்த்து முடியாமல் விட்டான். "இன்னொண்ணும் இருக்குதுங்க. ஆசிரியர் தன் எண்ணிக்கைப் பக்கத்தைத் திறந்து பாத்திருக்குது. தினமும் ஆறரைக்கு. ஆசிரியர் பாக்கறது கணக்குல சேராதுங்கள்ல, அதனால அதுவும் வடிகட்டுல போயிருச்சு."

"இன்னும் பாக்கறாளா?"

"இல்லீங்க. போன வருசம் மார்கழியோட நின்னுபோச்சு."

இருபது நிமிட இடைவெளியில், ஏழு வருடம், இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வந்து போயிருக்கிறார்கள். சுழியத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் எப்படி முகம் கழுவியிருப்பாள், எப்படிக் காட்டுக்குக் கிளம்பியிருப்பாள் என்று நினைக்கத் தொடங்கிய சாருமதியின் மனம் பாதியில் நின்றது. அதற்குமேல் போக அதற்குத் தைரியம் இல்லை.

"ஒரு போன் போட்டாப் போச்சுங்களே மேடம்."

"'அம்மா, படிச்சியா'ன்னு கேப்பா. எண்ணிக்கை சுழியம்னு சொல்லும். நான் படிச்சேன்னு சொன்னா, அவ யாரை நம்புவா?"

"அப்ப விலக்கு எழுதுங்க. உங்களுக்குத்தான் அதிகாரம் இருக்குதுல்ல? வருகை மனிதருடையதுனு கையெழுத்துப் போட்டா, அத்தனையும் வாசிப்பா ஏறிரும். அஞ்சு மணிக்குத்தான் நீக்கறாங்க, நேரமிருக்குது."

அவனே விலக்குப் படிவத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனான். பெயர், பதவி, காரணம். மளமளவென்று நிரப்பினாள். அடுத்த கட்டம் கேட்டது: வாசித்த பக்கங்கள்.

விரல் நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேடு. அவள் திறந்ததெல்லாம் நான்காம் பக்கம், நன்றியுரை. வனக்காவலர்களுக்கு நன்றி, ஜீப் ஓட்டிய அண்ணனுக்கு நன்றி, வழிகாட்டிக்கு நன்றி. கடைசி வரி: 'என் அம்மாவுக்கு, அவர் படித்தால்.'

அந்த வரியைத்தான் அவள் எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அம்மாவுக்கு' என்ற இடத்தில் கண் தங்கும். நெஞ்சு நிறையும். மூடிவிட்டு எழுந்துவிடுவாள். ஐந்தாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கல்பாசியைக் குழம்பில் போடுவார்கள் என்பதற்குமேல் அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. மகளைப் பார்ப்பதாக நினைத்து, மகளின் எழுத்தில் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வடிகட்டி தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

படிவத்தை மூடினாள். மணி பதினொன்றரை. இன்று படிப்பது நள்ளிரவுக்குப் பிறகுதான் கணக்கில் ஏறும், ஐந்து மணி நீக்கத்தைத் தடுக்காது. ஐந்தாம் பக்கத்தைத் திறந்தாள்.

எளிதாக இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓருயிர் போல வாழ்வது முதலில் புரியவில்லை. திரும்பிப் போய்ப் படித்தாள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத ஒன்றை அளக்க, பாறையின் ஓரத்தில் ஊசியால் கீறிவைத்துவிட்டு அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும் என்று குயிலி எழுதியிருந்தாள். எங்கோ ஓர் ஈரப் பாறைமேல் மண்டியிட்டிருக்கும் தன் பெண்ணின் முதுகு அவளுக்குத் தெரிந்தது. அட்டை கடித்த கால்கள் தெரிந்தன. சாப்பாட்டு நேரம் போனது. சென்னியப்பன் இரண்டு இட்லியை வைத்துவிட்டுப் போனதும் தெரியவில்லை.

முப்பத்தொன்றாம் பக்க அட்டவணையில் சிக்கிக்கொண்டாள். பதினாறு பாறைகள் என்று முன்னுரை சொன்னது. அட்டவணையில் பதினைந்துதான் இருந்தன. எட்டுக்குப் பிறகு பத்து. தவறவிட்டோமோ என்று முந்தைய பக்கத்துக்குப் போனாள், திரும்பினாள். மறுபடியும் போனாள். எண்களோடு வாழ்ந்தவளால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

விழிமானி மெல்ல ஒலித்தது. திரையின் மூலையில் அவள் எழுதிய வாசகமே வந்தது: 'முன்னேற்றம் இல்லை. இயந்திர வருகையாகப் பதிவாகிறது.'

சாருமதி வாய்விட்டுச் சிரித்தாள். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

மணி நான்கு ஐம்பது. அவள் தொலைபேசியை எடுத்தாள். ஐந்தாம் முறை ஒலித்தபோது எடுக்கப்பட்டது. பின்னால் மழை பெய்யும் சத்தம் மட்டும்.

"ஒன்பதாம் பாறை எங்கடி?" என்றாள் சாருமதி.

மழை பெய்துகொண்டே இருந்தது.

"என்னது?"

"முப்பத்தொண்ணாம் பக்கம். பதினாறுன்னு சொல்லிட்டுப் பதினஞ்சுதான் போட்டிருக்க. எட்டுக்கப்புறம் பத்துக்குத் தாவிட்ட. ஒன்பது எங்க போச்சு?"

மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. அது அழுகையா, சிரிப்பா என்று சாருமதிக்குப் பிடிபடவில்லை.

"யானை உருட்டி ஆத்துல தள்ளிருச்சும்மா. ரெண்டு வருச வேலை. எங்க கைடுகூடக் கேக்கல. ஒருத்தருமே கேக்கல."

"அதை எழுதியிருக்க வேண்டாமா? படிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படிக்கறவங்க யாரும்மா?" என்றாள் குயிலி. உடனே, அவசரமாக, "அடிக்குறிப்புல இருக்குது. அடுத்த பக்கத்துல. பாரு."

பக்கத்தைத் திருப்பக் கை நீட்டினாள். ஐந்து மணி. திரை ஒருமுறை வெளுத்தது. அட்டவணை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"என்னம்மா, பாத்தியா?"

"இல்ல. எடுத்துட்டாங்க."

"யாரு?"

"நாந்தான்." சாருமதி நாற்காலியிலிருந்து எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "உங்கிட்ட ஒரு பிரதி இருக்குமில்ல? எடுத்து வை. மீதியை அங்க வந்து படிக்கறேன்."