அமிஹானின் முட்டையைக் காணோம்!

"ஐயோ! ருஸ்திகோவக் கொன்னுட்டாங்க!"

வாட்ச்மேன் நோனோயின் அலறல் கழுகுக் கூண்டுகளைத் தாண்டி மலைச்சரிவு வரை போனது.

முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் இன்குபேட்டர் அறை. தரையில் குப்புறக் கிடந்தார் கழுகுகளைப் பராமரிக்கும் ருஸ்திகோ. பின்மண்டையில் ரத்தம்...

கொல்லவில்லை. மூச்சு இருந்தது.

இன்குபேட்டரில்தான் ஒன்றும் இல்லை!

சார்ஜென்ட் டுமாலகன் வந்தபோது ஆம்புலன்ஸ் தாவோ நகர ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தது. சார்ஜென்ட் அம்மாளின் கையில் குச்சியில் செருகிய வறுத்த வாழைப்பழம். பாதி தின்றது.

"என்ன காணாமப் போச்சு?"

"முட்டை!" என்றார் டாக்டர் பாம்ப்லோனா. கழுகு மையத்தின் டைரக்டர். வயிற்றில் வெந்நீர்ப் பையை அணைத்து, நடுநடுவே வயிற்றைத் தடவியபடி ஆபீஸ் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"முட்டையா? சந்தைல கிடைக்குமே."

"கழுகு முட்டை, மேடம்! இந்த இனமே அழிஞ்சிட்டு இருக்கு. அமிஹான் மூணு வருஷம் கழிச்சுப் போட்ட ஒரே முட்டை. உள்ள உயிர் துடிக்குது. சூடு ஆறினா செத்துரும்!"

"அவ ஏன் அடைகாக்கல?"

"போன தடவ மிதிச்சு உடைச்சிட்டா," என்றான் கால்நடை டாக்டர் ஜெரோம். ஒல்லியான இளைஞன். கண் சிவந்திருந்தது. "அதான் அசல எடுத்து இன்குபேட்டர்ல வச்சோம். கூட்டுல ஒரு போலி. அவளுக்கு வித்தியாசம் தெரியாது."

"எங்க மாமியாருக்கும் தெரியாது. அப்புறம்?"

"போலிக்குள்ள சென்சார் இருக்கு. சூடு எவ்ளோ, ஆட்டம் எவ்ளோன்னு இந்த கம்ப்யூட்டருக்கு சொல்லிட்டே இருக்கும். காம்பவுண்ட் தாண்டினா சிக்னல் கட்."

"கேட்டத் தாண்டி யாரும் போகல மேடம்," என்றான் நோனோய். "இன்னைக்கி இருந்ததே நாங்க மூணு பேரும் ருஸ்திகோவும்தான்."

போலீஸ்காரர்கள் பையெல்லாம் கவிழ்த்தார்கள். பாக்கெட்டெல்லாம் தடவினார்கள்.

முட்டை இல்லை!

"மேடம்... சொல்லக் கஷ்டமா இருக்கு." டைரக்டர் பெருமூச்சு விட்டார். "அந்த ரூம் சாவி ஜெரோம்கிட்டதான் இருந்துச்சு."

"சார்! காலைலயே ருஸ்திகோ வாங்கிட்டுப் போயிட்டாரு சார்!"

"அவன் மயக்கத்துல இருக்கான். என்ன வேணா சொல்லலாம்."

"அந்த முட்டையப் பாத்து அழுதவன் சார் நான்!"

"சந்தோஷத்துல அழுதியா? பேரம் படிஞ்சதுன்னு அழுதியா?"

சார்ஜென்ட் விலங்கை எடுத்தார்.

அப்போதுதான் அவர் கண் கம்ப்யூட்டரில் விழுந்தது.

ஒரு பக்கம் கூட்டின் கேமரா. அமிஹான் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் சென்சாரின் கோடு. குட்டிக் குட்டியாகத் துள்ளிக்கொண்டிருந்தது!

"உங்க கழுகு அசையவே இல்ல. முட்டை மட்டும் ஜீப்னி வண்டில குலுங்கிட்டுப் போற மாதிரி ஆடுதே?"

யாரும் பதில் சொல்வதற்குள்...

ட்ரிங்! ட்ரிங்!

செல்போன். ஆஸ்பத்திரியிலிருந்து.

"ருஸ்திகோவா? சொல்லுங்க... ம்... ம்... அப்படியா! லைன்லயே இருங்க."

போனை மேஜையில் வைத்தார். வாழைப்பழத்தை ஒரு கடி கடித்தார்.

"ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நில்லுங்க. நோனோய்."

நின்றான். கோட்டில் மாற்றமில்லை.

"ஜெரோம்."

மாற்றமில்லை.

"டைரக்டர் சார்."

"எனக்கு அல்சர் மேடம். எந்திரிச்சா வலிக்கும்..."

"பரவால்ல. வலிக்கட்டும்."

எழுந்தார்.

கோடு விருட்டென்று மேலே எகிறியது!

"உக்காருங்க."

இறங்கியது.

"எந்திரிங்க."

எகிறியது!

சார்ஜென்ட் நேராகப் போய் வெந்நீர்ப் பையை உருவினார். சட்டைக்குள்ளே துண்டு. துண்டுக்குள்ளே... முட்டை!

"சார்... நீங்களா?" ஜெரோம் ஓரடி பின்வாங்கினான்.

"வெளிநாட்டுல ஒருத்தன் கேட்டான்..." டைரக்டர் தலையைக் குனிந்தார். "ருஸ்திகோ திடீர்னு உள்ள வந்துட்டான்..."

சார்ஜென்ட் முட்டையை மேஜையில் தட்டினார்.

"ஐயோ! உயிர்!" டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

டொக்!

பிளாஸ்டிக்.

"காலைல கரன்ட் போச்சாம். ஜெனரேட்டரும் மக்கர். அசல் ஆறிப் போயிரும்னு ருஸ்திகோ அத அம்மாக்காரிகிட்டயே வச்சிட்டாரு. கரன்ட் வந்ததும், மிஷின்ல சூடு சரியா நிக்குதான்னு பாக்க இந்தப் போலிய உள்ள வச்சாராம். நீங்க தூக்கிட்டு வந்தது இததான்."

"அப்போ அசல்..." ஜெரோம் கம்ப்யூட்டர் மேல் பாய்ந்தான். "அவ மிதிச்சிருந்தா?"

அமிஹான் மெதுவாக எழுந்தாள். அலகைக் கீழே நீட்டினாள்...

ஜெரோம் மூச்சை அடக்கினான்.

முழு முட்டை! ஒரு கீறல் இல்லை! அதைப் பதமாகப் புரட்டிவிட்டு, மறுபடி மேலே உட்கார்ந்தாள்.

ஜெரோம் அழுதான். இந்த முறை ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

விலங்கு டைரக்டர் கையில் ஏறியது. சார்ஜென்ட் போனை எடுத்தார்.

"ருஸ்திகோ, ஆள் சிக்கியாச்சு. உங்க டைரக்டர்தான். அந்த பிளாஸ்டிக்க இவ்ளோ நேரம் வயித்துல வச்சு சூடு பண்ணிட்டு இருந்தாரு. நடுநடுவுல புரட்டி வேற விட்ருக்காரு."

மறுமுனையில் ஈனஸ்வரத்தில் ருஸ்திகோவின் குரல்...

"ரிட்டையர் ஆகறதுக்குள்ள ஒரு முட்டையாவது தொட்டுப் பாருங்க சார்னு வருஷா வருஷம் கெஞ்சுவேன், மேடம்... இன்னைக்கித்தான் வேலைக்கி வந்திருக்காரு!"