முகவரி உடைந்த கடிதம்

மாலை வகுப்பு நடக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. பழைய ஆவணக் காப்பகம் அது. மூன்றாவது மாடி வரை அறுபத்தெட்டுப் படிகள். கண்ணாடிக் கடையில் வேலை முடித்துவிட்டு வரும் அவள் தினமும் எண்ணிக்கொண்டே ஏறுவாள். ஒருநாள் கணக்கில் அறுபத்தேழு வந்துவிட்டது என்று மறுபடி இறங்கி ஏறினாள். அதை உடன் படிக்கும் ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் பூதக்கண்ணாடி.

படிக்கட்டுக்கு அடியில், கீழ்த்தளத்தில், செங்கல் வைத்து அடைத்த ஒரு வாசல் இருந்தது. அதன்மேல் அறிவிப்புப் பலகை மாட்டியிருந்தார்கள். யாரும் அங்கே நிற்பதில்லை.

வகுப்பில் பதினோரு பேர். பண்டைய வரலாற்றை அந்தக் காலத்து ஆட்களே எழுதி வைத்ததிலிருந்து படிப்பதுதான் பாடம். பாடப்புத்தகம் கிடையாது. களிமண் பலகைகளின் புகைப்படம், குறியீடுகளுக்கு ஓர் அகராதித் தாள், ஒரு கோடு போட்ட நோட்டு. டீச்சர் முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"உடைஞ்சது உடைஞ்சதுதான். தெரிஞ்சத எழுதுங்க. ஊகிச்சா சதுர அடைப்புக்குள்ள போடுங்க. அதுவும் முடியலன்னா புள்ளி வைங்க. புள்ளி வைக்கிறதுல வெக்கமே கிடையாது. அழிக்கறது மட்டும் கூடாது. தப்பா எழுதினா ஒரு கோடு போட்டு அடிங்க, பார்க்கறவங்களுக்குத் தெரியணும்."

அவளுக்கு அது வசதியாக இருந்தது. சந்தேகம் வந்தால் புள்ளி. அவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

"டீச்சர், இந்தப் பொண்ணோட நோட்டுக்கு அம்மை போட்டிருக்கு," என்றார் கார்டு. "எழுத்தையே காணோம், ஒரே புள்ளி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் வீடு போய்ச் சேரும் வரை அது முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது.

பருவத்தின் கடைசிப் பாடமாக அவளுக்குக் கிடைத்தது ஒரு கடிதம். உள்ளங்கை அளவுக் களிமண் பலகை. அந்தக் காலத்தில் கடிதத்தைக் களிமண் உறைக்குள் மூடித்தான் அனுப்புவார்கள். இது உறை பிரிக்காமலே கிடைத்தது. போக வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை. தோண்டி எடுத்தவர்கள் உறையை உடைத்தபோது மேல் மூலையும் சேர்ந்து பொடியாகிவிட்டது. யாருக்கு எழுதியது என்ற சொல் அதோடு போயிற்று.

"முதல் வரிய நல்லா கவனி," என்றார் டீச்சர். "'இன்னாருக்குச் சொல்'னு இருக்கு. அப்போ படிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் குறைச்சல். அதனால கடிதம் முதல்ல படிக்கிற ஆள்கிட்டத்தான் பேசும். போய் அவங்ககிட்டச் சொல்லுன்னு உத்தரவு போடும்."

மூன்று வாரம் பாடுபட்டாள். ஒவ்வொரு குறியீட்டையும் மும்முறை சரிபார்த்தாள். கடைசியில் இப்படி வந்தது:

*……க்குச் சொல். நான் சொல்கிறேன். கதவை வெளியிலிருந்து அடைத்துவிட்டார்கள். உள்ளே தண்ணீர் இல்லை. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாம். இது உன் காதில் விழுந்ததும் புறப்படு. யாரிடமும் சொல்லாதே. நீ வரும் வரை நான் தூங்கமாட்டேன்.*

ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அப்படியென்றால் தங்கையாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராக இருக்க முடியும்? தம்பியாக இருக்கலாம். சிற்றப்பன் மகளாக இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம். எத்தனை நாளைக்கு இந்த 'இருக்கலாம்'? நோட்டுக்கு அம்மை என்ற சிரிப்பு மறுபடி காதில் விழுந்தது. பேனாவை அழுத்தி, புள்ளிகள் இருந்த இடத்தின்மேல் 'தங்கை' என்று எழுதினாள்.

அடைப்புக்குறி போடவில்லை.

வகுப்பில் அவரவர் பிரதியை உரக்கப் படிக்க வேண்டும். அதற்குப் பழக ஞாயிற்றுக்கிழமை மாலை நோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு தையல் பெட்டி; அக்காவும் தங்கையும் மட்டும் இருக்கும் வீடு. தங்கை கட்டிலில் சாய்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தையல் கடை வேலையில் பாதி வீட்டுக்கும் வந்துவிடும்.

"நாலாயிரம் வருஷத்துக்கு முந்தி செத்தவங்க கடுதாசி உனக்கு எதுக்குக்கா? ஷாம்பு டப்பா மேல இருக்கறதயே மூணு வாட்டி படிக்கிறவ நீ."

"வாய மூடிட்டுக் கேளுடி. திக்கினேன்னா சொல்லு."

படித்தாள். திக்கவில்லை. *தங்கைக்குச் சொல்.* அவள் குரல் அவளுக்கே நன்றாக இருந்தது. கடைசி வரி முடிந்தது.

தங்கை ஊசியைக் கீழே வைத்தாள்.

"சரி," என்றாள்.

அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மழை வாசனை இல்லை. குயவர் சக்கரத்தில் இருந்து அப்போதுதான் எடுத்தது போன்ற, பிசைந்த ஈரக் களிமண்ணின் வாசனை. சன்னலைத் திறந்து பார்த்தாள். தெரு காய்ந்து கிடந்தது.

திங்கள்கிழமை காலை, தங்கை கதவுக்கு அருகே வரிசையாக நான்கு தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைத்திருந்தாள்.

"இது எதுக்குடி?"

"அங்க தண்ணி இல்லல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கேலி செய்வதில் இவளை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை தங்கையின் கண்ணுக்குக் கீழே கருவளையம். கட்டிலில் அவள் பக்கம் கசங்கவே இல்லை. "தூக்கம் வரலயா?" என்று கேட்டாள். "அவங்களும் தூங்கலயே," என்றாள் தங்கை. அதில் கேலி இல்லை. யார் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமலே விட்டாள். கேட்டிருக்க வேண்டும். அதைப் பின்னால் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை நாலு பத்துக்குத் தையல் கடைக்கார அம்மா போன் செய்தார்.

"உன் தங்கச்சிக்கு என்னம்மா ஆச்சு? மெஷின்ல துணி பாதித் தையல்ல நிக்குது. தண்ணி பாட்டில் வெச்சிருந்த பைய எடுத்துட்டு செருப்புகூடப் போடாம எந்திரிச்சுப் போயிட்டா. கூப்பிட்டா காதுலயே வாங்கல."

எங்கே போயிருப்பாள் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை; வெளியிலிருந்து அடைத்த வாசல் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கால்கள் தாமாகவே காப்பகத்தை நோக்கி ஓடின.

நாலு நாற்பது. சன்னல் வழியாக நல்ல வெயில். மேலே யாரோ மேசையை நகர்த்தும் சத்தம். படிக்கட்டுக்கு அடியில் அறிவிப்புப் பலகை தரையில் கிடந்தது. அடைத்த வாசலுக்கு எதிரே தங்கை மண்டியிட்டிருந்தாள். தலைமுடி ஊசியால் செங்கல் இடுக்கின் காரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளில் ரத்தம்.

பக்கத்தில் மூன்று காலிப் பாட்டில்கள். நான்காவதை மறு கையால் இடுக்கில் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு சொட்டுகூடச் சுவரில் வழியவில்லை.

உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

மடக். மடக். மடக்.

"எந்திரி. வீட்டுக்குப் போலாம். எந்திரிடி!"

கையைப் பிடித்து இழுத்தாள். அந்தச் சிறிய உடம்பு வேர் விட்டது போல் அசையவில்லை.

"என்னைத்தானேக்கா கூப்பிட்டாங்க," என்று கிசுகிசுத்தாள் தங்கை. "நீதானே வந்து சொன்ன."

அவள் பிடித்திருந்த கையை விட்டாள். எத்தனை ஆண்டு, எத்தனை மாணவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்திருப்பார்கள். எல்லோரும் புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். நாலாயிரம் ஆண்டு போய்ச் சேராத கடிதத்தை அவள் ஒருத்திதான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள்.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். 'தங்கை' என்ற சொல்லின் மீது ஒரு கோடு. அதற்கு மேலே ஆறு புள்ளிகள். அவசரத்தில் ஒன்று கோடாகிவிட்டது. அதையும் அடித்துவிட்டுத் திரும்ப வைத்தாள். சுவருக்கு நேராக நின்று உரக்கப் படிக்கத் தொடங்கினாள்.

அதாவது, எதையும் படிக்காமல் நின்றாள்.

உடைந்த இடத்துக்கு உரிய மௌனம்.

செங்கல்லுக்கு அந்தப் பக்கம் விழுங்கும் சத்தம் நின்றது. யாரோ காதைச் சுவரில் வைத்து ஒட்டிக்கொள்ளும் உரசல். மூச்சு. மிக அருகில். காய்ந்த மூச்சு.

காத்திருந்தது.

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. யாருடைய பெயரானாலும் போதும். கார்டின் பெயர். தையல் கடைக்கார அம்மாவின் பெயர். ஏன், தன் பெயர்கூட நாக்கு நுனி வரை வந்து நின்றது. தங்கை பிழைத்தால் போதாதா?

உதட்டைக் கடித்துக்கொண்டாள். தெரியாது. எனக்குத் தெரியாது. யாருக்கு என்று எனக்குத் தெரியாது.

ஆறு புள்ளிகளுக்கு ஆறு மூச்சு. பிறகு படித்தாள்: "…க்குச் சொல். நான் சொல்கிறேன்."

கடைசி வரி வரை நிறுத்தாமல் படித்தாள். முடிந்ததும் செங்கல்லுக்குப் பின்னால் ஏதோ மெதுவாகச் சரிந்து உட்காரும் சத்தம் கேட்டது. தங்கையின் விரலிலிருந்து தலைமுடி ஊசி நழுவி விழுந்தது.

"அக்கா?" அவள் தன் கையைப் பார்த்தாள். "ஐயோ, எரியுது. இங்க எதுக்கு வந்தோம்?"

அன்று இரவு தங்கை ஒன்பதேகாலுக்கே தூங்கிவிட்டாள். குறட்டைகூட விட்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைப் பாட்டுக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வகுப்பில் டீச்சர் அவள் நோட்டைப் பார்த்தார். அடித்த கோட்டின் மேல் விரல் நின்றது.

"ஏன் அடிச்ச?"

"தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன் டீச்சர்."

 டீச்சர் அலமாரியைத் திறந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதே கடிதம். அதே முதல் வரி. அங்கே எழுதியிருந்த சொல்லை யாரோ அடித்து, அடித்து, தாளே கிழிந்திருந்தது.

"இவர் என்ன எழுதியிருந்தார் டீச்சர்?"

"தெரியலம்மா. அதுக்கு அடுத்த வாரம் அவர் வரல."

கார்டு எட்டிப் பார்த்தார். "என்ன பூதக்கண்ணாடி, மறுபடியும் புள்ளியா?"

"ஆமா சார்," என்றாள். "புள்ளிதான்."

வாரம் ஒன்று ஓடியது. தங்கையின் விரல் காயம் ஆறியது. பழைய வாயும் திரும்பி வந்துவிட்டது. சனிக்கிழமை மாலை, விளக்கு ஏற்றும் நேரம். தையல் பெட்டியைச் சரி செய்தபடி கடையில் நடந்த சண்டையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"துணி தைக்கக் குடுத்த அம்மா சும்மா விடல. நேரா உள்ள வந்து, முதலாளியம்மா முகத்துக்கு நேரா அந்த… அது பேரு என்னக்கா… அந்த…"

சொல் வரவில்லை. கையை மட்டும் காற்றில் ஆட்டினாள். கண்ணை மூடி யோசித்தாள்.

அறையில் ஒரு கணம் சத்தமே இல்லை, அந்தச் சுவருக்கு முன் அக்கா விட்ட அதே இடைவெளி.

ஈரக் களிமண் வாசனை வந்தது.

கட்டிலுக்குப் பின்னால், சுவருக்கு உள்ளேயிருந்து, தாகத்தில் வெடித்த ஒரு குரல் மிகப் பணிவாகக் கேட்டது:

"யாருக்கு?"