மாதிரி வீட்டு மகள்

"மெதுவா பேசுங்க. பொண்ணு தூங்குறா."

மேனேஜர் உதட்டில் விரல் வைத்தபடி படுக்கையறைக் கதவைத் திறந்தார். வீடு வாங்க வந்த தம்பதி எட்டிப் பார்த்தார்கள்.

"கீழே லாரி போகுது... உள்ளே கேக்குதா? அப்படியொரு சுவர் சார் இது."

மனைவிக்கு அறை பிடித்துவிட்டது. ஜன்னலைத் தொட்டாள். திரைச்சீலையைத் தடவினாள். கட்டிலைச் சுற்றி வந்தவள் நின்றாள்.

"ஏங்க... இந்தப் பொண்ணு மூச்சு விடலையே."

அலறியது அவள் இல்லை. சமையலறையிலிருந்து ஓடிவந்த அம்மா.

நிஜ அம்மா அல்ல. அந்தக் கட்டுமானக் கம்பெனியின் டெலிபோன் ஆபரேட்டர். ஆளில்லாத வீட்டை யாரும் வாங்குவதில்லை என்று கம்பெனி கண்டுபிடித்திருந்தது. அதனால் விடுமுறை நாட்களில் மாதிரி வீட்டுக்கு ஊழியர்களே குடும்பம். கணக்குப் பிரிவுக்காரர் அப்பா... ஹாலில் பேப்பர் படிப்பார். ஆபரேட்டர் அம்மா... அடுப்பில் வெறும் தண்ணீரைக் கிளறுவாள். புதிதாகச் சேர்ந்த பெண் மகள். அவள் வேலை, தூங்குவது.

மேனேஜர் எல்லோருக்கும் அண்ணா. அது ஆபீஸ் உத்தரவு.

மகளைத் தலையணையால் அமுக்கிக் கொன்றிருந்தார்கள்.

உடலை எடுத்துப் போன பிறகு பெண் இன்ஸ்பெக்டர் பாலிதீன் உறை பிரிக்காத சோபாவில் உட்கார்ந்து மேனேஜரைப் பார்த்தாள்.

"காலையில அந்தப் பொண்ணோட சண்டை போட்டீங்களாமே?"

"சண்டை இல்ல மேடம். வேற கம்பெனிக்குப் போறேன்னு ராஜினாமா கொடுத்தா. இது ஆபீஸ் இல்லம்மா, குடும்பம்... விட்டுட்டுப் போகலாமான்னு கேட்டேன்."

"கழுத்தைப் பிடிச்சா?"

"அண்ணா கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டார்" என்றார் அப்பா.

"யோவ், உன்னைப் போய்க் குடும்பத் தலைவரா போட்டேன் பாரு!"

சமையலறை வாசலில் நின்ற ஆபரேட்டர் சட்டென்று திரும்பினாள்.

"அம்மா..."

படுக்கையறையிலிருந்து வந்தது. உள்ளே வெறும் கட்டில். வேறு யாரும் திரும்பவில்லை.

அம்மாவாக நடிக்க வந்த முதல் நாள் ஆபரேட்டர் அந்த வார்த்தைக்குக் கூசியிருந்தாள். பிறகு அதற்காகவே விடுமுறையை எதிர்பார்த்தாள். அவளுடைய வாடகை அறையில் அவளைக் கூப்பிட யாருமில்லை, பெயர் சொல்லிக்கூட.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றாள் இன்ஸ்பெக்டர். "கடைசியா உள்ளே போனது யாரு?"

"அண்ணாதான்... கோபமாப் போனார்."

"பொய் மேடம்! நான் போகவே இல்ல."

"ஸ்டேஷன்ல பேசலாம். கிளம்புங்க." இன்ஸ்பெக்டர் எழுந்தாள். "ஒண்ணுதான் இடிக்குது. கொன்னுட்டு ஏசியை நிறுத்தி, கால்ல சாக்ஸ் மாட்டி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருக்கீங்க. அவ்வளவு பாசமா சார்?"

"கஸ்டமர் வர்ற நேரத்துல எவனாவது ஏசியை நிறுத்துவானா மேடம்?"

"அவளுக்குக் குளிர் ஆகாது."

ஆபரேட்டர்தான். தனக்குள் பேசுவது போலச் சொன்னாள்.

"பாதம் ஜில்லுனு ஆயிடுச்சு. அதான்..."

அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

"எப்போம்மா ஜில்லுனு ஆச்சு?" இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"போகாதேன்னு கெஞ்சினேன். அங்கே போய் வேற யாரையாவது அம்மான்னு கூப்பிடுவியான்னு கேட்டேன். சிரிச்சா... 'அதெல்லாம் நடிப்புதானே ஆன்ட்டி'ன்னா." நிமிர்ந்தாள். "ஆன்ட்டின்னா மேடம்."

பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள். வாசலில் ஆபரேட்டர் தயங்கினாள்.

"அடுப்பை அணைச்சிட்டு வரேன். உள்ளே கூப்பிட்டுக்கிட்டே இருக்கா... ஒரு நிமிஷம் பார்த்துட்டு வரட்டுமா?"



மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம்... இந்தம்மாவுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லன்னு எழுதிக்குங்க."

"அதெப்படி? நாளைக்கு ஜாமீன்னு வந்தா குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டாமா?" இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டாள். "ஜீப்புல ஏறுங்க... அண்ணா!"