திருடாதவன் ஒத்துக்கொண்ட திருட்டு

போன் அலறியது!

அப்பீல் தீர்ப்பு நாள். கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெண் வக்கீல், ஒற்றைக் காதில் கம்மலோடு ஓடிவந்து எடுத்தாள்.

சிறையிலிருந்து அவளுடைய கட்சிக்காரன். லாரி டிரைவர். ஊருக்கே அவன் 'பீப்பாய்'.

"மேடம்... என்னை வெளியே எடுத்துடாதீங்க."

"என்ன உளர்றீங்க? அப்பீல்ல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"பொண்டாட்டி அழுதா, போட்டேன். குத்தத்தை ஒத்துக்கிட்டவனோட அப்பீல் நிக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்களே..."

லைன் அறுந்தது.

வக்கீலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே யாராவது மிரட்டுகிறார்களோ?

வெளியூர் நகைக்கடை ஒன்றில் ராத்திரி பின்பக்க ஜன்னல் வழியாகத் திருடன் புகுந்திருந்தான். பேப்பரில் செய்தி வந்த சூட்டோடு பீப்பாய் போய்ச் சரணடைந்தான். நகை எங்கே என்றதற்கு, ஆற்றில் எறிந்துவிட்டேன் என்றான். போலீசுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. கேஸ் முடிந்தது. மூன்று வருஷம்.

அவன் மனைவிதான் வக்கீலைத் தேடி வந்து புலம்பினாள்.

"எங்க வீட்டு வாசல்லயே ஒருக்களிச்சுத்தான் வருவாரு மேடம். அந்த ஜன்னல்ல எப்படி நுழைவாரு?"

வக்கீல் டேப்போடு போய் அளந்தாள். ஒல்லிக்குச்சி ஆள் மட்டுமே நுழையலாம்! ஒத்துக்கொண்டவனை யார் அளந்து பார்ப்பார்கள்?

மதியம் தீர்ப்பு வந்தது. செய்யவே முடியாத குற்றத்தை ஒத்துக்கொண்டது செல்லாது... விடுதலை!

மனைவி வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பீப்பாயோ பேயறைந்தவன் போல நின்றான்.

வராந்தாவில் ஓர் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார்.

"ஜெயிச்சிட்டீங்க மேடம். அந்தத் திருட்டு நடந்த அதே ராத்திரி இவனோட லாரி பார்ட்னரை இங்க ஒருத்தன் அடிச்சுக் கொன்னான். எங்க சந்தேகம் இவன் மேலதான். ஆனா அந்நேரம் வெளியூர்ல திருடிக்கிட்டிருந்தவனை எப்படித் தொடறது?" பீப்பாய் பக்கம் திரும்பினார். "இப்ப நீ அங்க போகலைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. அப்போ எங்கப்பா இருந்தே?"

மனைவியின் கை நழுவியது. புருஷனை மீட்கத்தான் அவள் நாயாய் அலைந்தாள். இப்போது கொலைக் கேசில் மாட்டிவிட்டதும் அவளேதான்.

"சொல்லுங்க... எங்க இருந்தீங்க?"

அவள் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சார் கொன்னேன். ஒத்துக்கறேன்."

இன்ஸ்பெக்டர் அவசரமாகக் கையை உயர்த்தினார்.

"ஐயோ, வேண்டாம்ப்பா! நீ ஒத்துக்கிட்டா இனி எந்தக் கோர்ட் நம்பும்? இந்தத் தடவை நாங்களே நிரூபிச்சுக்கறோம்."