மேலே போகும் கம்பி

குட்டை மனிதன் அவள் விட்ட இடத்தில் இல்லை.

அக்காவுக்கு மாத்திரை கொடுக்க எழுந்து போகும்போது அவன் வீடியோ கேம் திரையின் அடித்தளத்தில், இடது மூலையில், முதல் ஏணியிலிருந்து நான்கு விரல் தள்ளி நின்றிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் இரண்டாம் தளத்தில் நிற்கிறான். ஸ்டிக்கை யாரும் தொடவில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி இடுப்பெலும்பு முறிந்து நாற்பது நாளாய்ப் படுத்த படுக்கை.

'ஈரம்தான்,' என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்து மழை. இப்படிப்பட்ட நாளில் சுவிட்சுகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். பதினெட்டு வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவளுக்கு இது தெரியாதா? இப்போது யாரும் டிவியைப் பழுது பார்ப்பதில்லை. கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடுகிறார்கள். பழைய வீடியோ கேம் மெஷின்களை வைத்துக்கொண்டு அழுகிற நாலைந்து பேர்தான் இன்னும் அவளைத் தேடி வருகிறார்கள்.

இது கேம் கடைக்காரர் ஒருவருடையது. லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பதால் மரப்பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு, பிக்சர் டியூப், போர்டு, ஸ்டிக் பொருத்திய பலகை மூன்றையும் ஐந்து மாடி சுமந்து வந்து அவள் மேஜைமேல் வைத்தார். மூச்சு வாங்கி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

"மேல ஏறவே மாட்டேங்குறான் மேடம். இந்தப் பக்கம் போறான், அந்தப் பக்கம் போறான், குதிக்கிறான். ஏணிகிட்ட வந்தா மட்டும் மரம் மாதிரி நிக்கிறான். நான் வாங்கினதுலேருந்து முதல் ஸ்டேஜையே ஒருத்தரும் தாண்டல."

பலகையைத் திருப்பியதும் காரணம் தெரிந்துவிட்டது. மேலே போகும் சுவிட்சுக்கான கம்பி அறுந்திருந்தது. இல்லை, அறுக்கப்பட்டிருந்தது. கட்டரால் சுத்தமாக வெட்டி, இரண்டு முனைகளையும் தனித்தனியே மடக்கி, ஒன்றோடொன்று எக்காரணம் கொண்டும் படக்கூடாது என்பதுபோலக் கறுப்பு டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தார்கள். எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ என்று சிரித்துக்கொண்டே டேப்பை உரித்தாள். பழைய பசையின் புளித்த வாடை விரலில் ஒட்டிக்கொண்டது. முனைகளைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்தாள். இரண்டு நிமிட வேலை.

அதன் பிறகுதான் அக்கா மாத்திரைக்குக் கூப்பிட்டாள்.

ஸ்டிக் மறுபடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் விளையாடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மணி நாலுதான் ஆகியிருந்தது, ஆனாலும் மழை மேகத்தில் அறை இருட்டிப்போய், திரையின் நீலமும் சிவப்பும் அவள் கைகளின்மேல், ஈயச் சுருளின்மேல், திறந்து கிடந்த ஸ்க்ரூ டப்பாவின்மேல் படிந்து மினுங்கின. ஐந்து தளங்கள், ஒவ்வொன்றும் சற்றே சாய்ந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏணி. உச்சியில் ஒரு பெண் இரண்டு கைகளையும் மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கரடியா காட்டுமனிதனா என்று சொல்ல முடியாத பெரிய மிருகம் ஒன்று, குவியலிலிருந்து டிரம் டிரம்மாக எடுத்துக் கீழே உருட்டிவிட்டுக்கொண்டிருந்தது. குட்டை மனிதன் நடக்கும்போது சின்ன ஸ்பீக்கரில், நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல், டிக், டிக், டிக் என்று சத்தம் வந்தது.

ஆட்டம் அவள் கைக்கு நன்றாகவே வந்தது. வருகிற டிரம்மைப் பார்த்து, ஒரு நொடி நின்று, குதித்து, ஓடி, ஏணி. மூன்றாம் தளம். மேலே போகும் சுவிட்ச் வெண்ணெய்போல வேலை செய்தது.

போன் அடித்தது. கீழ்த்தளத்துத் தையல்காரர்.

"ஏம்மா, வீட்டுக்கு யாரையாவது வரச் சொல்லியிருந்தியா?"

"இல்லையே அண்ணே. ஏன்?"

"ஒருத்தர் மேல ஏறிப் போறாரு. குள்ளமா இருந்தாரு. யாரைப் பாக்கணும்னு கேட்டேன், பதில் இல்ல. லிஃப்ட் கிடையாதுன்னேன், காதுலயே வாங்கல." தையல் மெஷினின் சத்தம் நின்றது. "இந்த மழையில வந்திருக்காரு, உடம்பு மேல ஒரு சொட்டு ஈரம் இல்லம்மா. அதான் கேட்டேன்."

"வேற வீட்டுக்கு வந்திருப்பாரு," என்றாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவள் ஆடிக்கொண்டேதான் இருந்தாள். ஒரு டிரம். இன்னொன்று. ஏணி.

நாலாம் தளம்.

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "குட்டி, அந்தப் பல்லி சத்தத்தை நிறுத்தித் தொலையேன். தலைக்குள்ள வந்து தட்டுது."

நாற்பத்திரண்டு வயதிலும் அக்காவுக்கு அவள் குட்டிதான். அக்கா முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள்; எத்தனையோ பேருடைய அலறலைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாக டீ குடித்தவள். படிக்கட்டில் வழுக்கி விழுந்த பிறகுதான் சின்னச் சத்தங்கள்கூட அவளுக்குத் தாங்குவதில்லை.

ஸ்பீக்கரின் சத்தத்தை அவள் முழுவதும் குறைத்தாள்.

டிக், டிக், டிக்.

குமிழைப் பார்த்தாள். பூஜ்யத்தில் இருந்தது. ஸ்பீக்கர்மேல் கையை வைத்தாள். அதிரவில்லை. மழை ஜன்னல் தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு அடியில், வீட்டுக்கு வெளியே, கீழே, படிக்கட்டின் சிமெண்டில் அது கேட்டுக்கொண்டிருந்தது. அவசரமில்லை. சோர்வுமில்லை. ஒரே அளவு.

மறுபடி போன். இம்முறை மூன்றாம் மாடி ட்யூஷன் டீச்சர். குரலைத் தணித்துப் பேசினார்.

"உங்க வீட்டுக் கதவு சாத்தியிருக்கா?"

"என்ன டீச்சர்?"

"இப்ப ஒரு ஆள் எங்க வீட்டைத் தாண்டிப் போனான். படி ஏறுற விதமே சரியில்ல. சுவரைப் பாத்துக்கிட்டு, ரெண்டு கையையும் மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டு... அங்க ஏணியே இல்ல, ஆனா ஏணி ஏறுறான். பிள்ளைங்க முதல்ல சிரிச்சுதுங்க. அப்புறம் ஒண்ணு அழ ஆரம்பிச்சிடுச்சு. எல்லாத்தையும் உள்ள கூட்டிக்கிட்டுப் பூட்டிட்டேன். நீங்களும் பூட்டிக்குங்க."

அவள் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தாள். சூட்டுக்கோலைத் தொட்டதுபோல எடுத்தாள்.

குட்டை மனிதன் நிற்கவில்லை. நாலாம் தளத்தின் சரிவில் தானாகவே நடந்தான். கடைசி ஏணியைப் பார்த்து.

அப்போதுதான் அவள் உச்சியைச் சரியாகப் பார்த்தாள். அதுவரை கண் குட்டை மனிதன்மேலேயே இருந்துவிட்டது. மிருகத்தின் பக்கத்திலிருந்த டிரம் குவியல் தீர்ந்துபோயிருந்தது. மிருகம் வெறுங்கையோடு நின்றது. உறுமவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தி, அவளை மறைத்துக்கொண்டு, ஏணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கையை ஆட்டுவது காப்பாற்று, வா, வா என்று கூப்பிடத்தான் என்று இத்தனை நேரமும் இவள் நினைத்திருந்தாள்.

கூப்பிடவில்லை. வராதே என்கிறாள்.

 அவள் ஸ்டிக்கைப் பிடித்துக் கீழே இழுத்தாள். முழு பலத்தையும் போட்டு இழுத்தாள். அவன் இறங்கவில்லை. பலகையைக் குப்புறக் கவிழ்த்தாள். ஸ்க்ரூ டப்பா சிதறியது. கட்டரை எடுத்துத் தான் பற்றவைத்த இடத்தைத் தேடி, கம்பியை வெட்டினாள். ஒரு தரம் போதாதென்று இரண்டு, மூன்று இடத்தில் வெட்டினாள்.

அவன் ஏணியில் முதல் கையை வைத்தான்.

பிளக்கைப் பிடுங்கினாள். படம் சுருங்கி, நடுவில் ஒரு புள்ளியாகி, அணைந்தது. கண்ணாடி லேசாகப் படபடத்து ஓய்ந்தது. கருகிய தூசியின் வாசனை. எல்லா மெஷினும் அணைவதுபோலத்தான் அதுவும் அணைந்தது. ஒரு நிமிடம் அவளுக்கு அழுகை வரும்போல் ஆறுதலாக இருந்தது.

டிக்.

வெளியே. நாலாம் மாடித் திருப்பத்தில்.

டிக், டிக்.

இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்று பார்க்கத் திரையும் இல்லை.

"குட்டி? யாரோ வர்றாப்பல இருக்கே."

"யாருமில்லக்கா. நீ பேசாம படு."

வாசல் கதவுக்கு ஓடினாள். மழைக்காலம் தொடங்கிய நாளிலிருந்து மரம் உப்பிப்போய்க் கதவு நிலையில் பொருந்துவதில்லை. தாழ்ப்பாள் ஓட்டைக்கு அரை அங்குலம் மேலேயே நின்றுவிடும். தச்சனைக் கூப்பிடு, தச்சனைக் கூப்பிடு என்று அக்கா பத்துத் தரம் சொல்லியிருப்பாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். உதைத்தாள். தாழ்ப்பாள் விழவில்லை. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அவர்கள் ஊரில் இல்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்றால் இருப்பது ஒரே படிக்கட்டு.

வெளியே, படிக்கட்டின் மேல்முனையில், தண்ணீர் வராத நாட்களுக்காக வைத்திருந்த நீலப் பிளாஸ்டிக் டிரம்கள் மூன்று நின்றன.

யோசிக்கவில்லை. முதல் டிரம்மைச் சாய்த்து உருட்டிவிட்டாள். அது படிக்குப் படி இடித்து, கட்டடமே அதிர, இருட்டுக்குள் இறங்கியது. காலடிச் சத்தம் நின்றது. ஒரு நொடி. டிரம் தாண்டிப்போனது. பிறகு, இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் ஊன்றும் சத்தம்.

டிக், டிக், டிக்.

இரண்டாவது. இடி. நிசப்தம். இரண்டு கால்கள்.

டிக்.

மூன்றாவதில் தண்ணீர் இருந்தது. அசையவில்லை. முதுகைச் சுவரில் கொடுத்து இரு கால்களாலும் தள்ளினாள். இடுப்பில் நரம்பு இழுத்தது. டிரம் கவிழ்ந்து, தண்ணீர் படி முழுக்க அருவியாய் இறங்க, அதன் பின்னால் புரண்டு போனது. இதைத் தாண்ட முடியாது. யாராலும் முடியாது.

ஒரு நொடி.

இரண்டு கால்கள். தண்ணீர் சிதறும் சத்தம் வரவில்லை.

கீழ்த்திருப்பத்துச் சுவரில் ஒரு நிழல் ஏறியது. ஒரு கை. அடுத்த கை. ஒரு கை. அவன் சுவரைப் பார்த்தபடி ஏறி வந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. சிவப்புச் சட்டை, நீலக் கால்சட்டை, ஓரங்களெல்லாம் கத்திரியால் வெட்டியதுபோல் கட்டம் கட்டமாய். பத்து வயதுப் பிள்ளையின் உயரம்கூட இல்லை.

அவள் வாசலுக்குப் பின்வாங்கினாள். நிலையின் இரு பக்கமும் கைகளை விரித்து அடைத்துக்கொண்டு நின்றாள். "போயிடு," என்றாள்.  

அவன் கடைசிப் படியில் ஏறி, பக்கவாட்டில் திரும்பினான். நடந்தான். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல, விரித்த வலது கைக்கு அடியில் புகுந்து உள்ளே போனான். அவன் தலை அவள் அக்குளை உரசிக்கொண்டு போனது. சூடில்லை, குளிர்ச்சியில்லை. அணைத்த டிவியின் கண்ணாடிபோல ரோமத்தை மட்டும் இழுத்துப் பிடித்து விட்டது.

கால் எழவில்லை. கையை இறக்க முடியவில்லை. தலையை மட்டும் திருப்ப முடிந்தது.

"யாரு குட்டி அது? வாசல்லயே நிக்க வைக்காதே. உள்ள வரச் சொல்லு."

டிக், டிக், டிக். கூடத்தைத் தாண்டி. அறைக்குள். கட்டிலருகே நின்றான்.

"வாங்க தம்பி," என்றாள் அக்கா. நோயாளிகளிடம் பேசும் அந்தப் பழைய, தணிந்த குரல். "மழையில வந்திருக்கீங்களே. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, முகமே தெரியல."

அவன் அக்காவை நோக்கித் திரும்பினான். வாசலிலிருந்து அவளுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. அதற்கு அப்பால், தலையணையில், அக்காவின் முகம்.

அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு அப்படியே இருக்க, கண்கள் மட்டும் பெரிதாகின. எதையோ தேடுவதுபோல அந்தக் கண்கள் மேலும் கீழும் அலைந்தன. கிடைக்கவில்லை.

முப்பது வருடப் பழக்கம். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்க அக்காவின் கை தானாக நீண்டது.

அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மணிக்கட்டு வரை உள்ளே போனது.

அக்காவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கையை இழுக்கப் பார்த்தாள். தோள் இழுத்தது, கை வரவில்லை.

முழங்கை வரை போனது.

இந்தப் பக்கம், அவனுடைய சின்னத் தலையின் பின்புறத்தில், ஒரு முடிகூட அசையவில்லை.