காயாத பட்டை

நீதிமன்றப் பொறியாளர் பூசிப் பதினேழு நாள்கள் கடந்துவிட்ட ஜிப்சம் பட்டை ஈரமாக இருந்தது. விதாத் மறுபடியும் விரலை வைத்துப் பார்த்தாள். அலெக்சாந்திரியாவின் கடற்காற்று எவ்வளவு உப்பைச் சுமந்து வந்தாலும் ஜிப்சம் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும் என்பதை அவள் அறிவாள். ஆயினும், நிலவறைத் தூணின் விரிசலுக்குக் குறுக்கே உள்ளங்கையளவில் பூசப்பட்டிருந்த அந்த வெண்பட்டை, சற்றுமுன் பிசைந்த மாவைப்போல் குளிர்ந்து விரலில் ஒட்டியது. அதன்மேல் கீறியிருந்த தேதி மட்டும் பழைய தேதி.

ஆறு மாடிக்கு அனுமதி பெற்று ஒன்பது மாடி எழுப்பிய ஒப்பந்தக்காரன்மீது வீட்டு உரிமையாளர் சங்கம் தொடுத்த வழக்கில், வாயில்லாத ஒரே சாட்சி அந்தப் பட்டைதான். அது முறிந்தால் கட்டடம் நகர்கிறது என்று பொருள். முறிந்த அன்றே குடியிருப்போர் அனைவரும் வெளியேற வேண்டும். கட்டியவனுக்கு வாய்தா, குடியிருப்பவனுக்குத் தெரு. நீதி அவ்வாறுதான் நடந்துகொண்டிருந்தது. சங்கச் செயலாளரான விதாத் நாள்தோறும் இறங்கி வந்து பார்த்து, ‘முழுமையாக உள்ளது’ என்று பதினேழு முறை கையொப்பமிட்டிருந்தாள்.

நோன்பு திறக்கச் சில நிமிடங்களே இருந்தன. மேலே தட்டுகள் அடுக்கப்படும் ஒலியும், பருப்பு சூப்பில் தாளித்த சீரகத்தின் மணமும் படிக்கட்டு வழியே இறங்கி வந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில், தூணுக்குள்ளிருந்து, உறக்கத்தில் எவரோ பல்லைக் கடிப்பதுபோன்ற மெல்லிய அரைப்பொலி கேட்டது.

“பாங்கு சொல்லப்போற நேரத்துல தூணுக்குக் காவலா, மேடம்? மேல உங்க பொண்ணு கதாயிஃப் இனிப்ப முழுசா காலி பண்ணிடப் போறா!”

படியில் நின்று சிரித்தவர் சங்கத் தலைவர் ஹாஜி ஷவ்கத். அவருடைய நகக்கண்களில் வெண்மை படிந்திருந்தது.

“நீங்கதானா, ஹாஜி?”

சிரிப்பு நின்றது. “பட்டை உடைஞ்சா நம்மளத்தானே வெளியேத்துவாங்க? அந்தத் திருடனையா? பெருநாள் முடிஞ்சதும் என் பேத்திக்குக் கல்யாணம். மணப்பொண்ண நடுத்தெருவுலயா நிறுத்தச் சொல்றீங்க?”

“எத்தனை தடவ பூசுனீங்க?”

“மொத வாரம் ஒரே ஒரு தடவ.”

“அப்புறம்?”

அவர் தூணைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

“இன்னிக்கு மட்டும்... இது அஞ்சாவது.”

அவர்கள் கண்முன்னே, காயாத பட்டையின் நடுவே மயிரிழைபோன்ற கோடு ஒன்று கீழிருந்து மேலேறியது. கோடு கறுத்தது. அகன்றது. அரைப்பொலி நின்றுவிட்டது. அந்த அமைதி அதனினும் கொடிதாக இருந்தது.

பாங்கு ஒலித்தது. விதாத் ஓடினாள்.

முதல் மாடி. கதவைத் தட்டினாள். “வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!” கைப்பிடி உள்ளிருந்து திரும்பியது. கதவு திறக்கவில்லை.

“கதவ நிலை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு, மேடம்!”

இரண்டாம் மாடி. கைப்பிடி திரும்பியது. திறக்கவில்லை.

மூன்றாம் மாடியில், அவள் தட்டுமுன்பே உள்ளிருந்து தட்டினார்கள்.

நான்காம் மாடி. அவள் வீடு.

“ரீஹாம்!”

“அம்மா, இழுக்குறேன். வரமாட்டேங்குது.”

குரல் தரையருகிலிருந்து வந்தது. கதவின் அடியில் இடுக்கு. அதில் வெளிச்சக் கீற்று. கீற்றில் நான்கு விரல்கள், சர்க்கரைப் பாகு பளபளக்க.

விதாத் மண்டியிட்டு அவற்றைப் பற்றினாள். மேலிருந்து வெண்தூள் ஓசையின்றி இறங்கியது.

“விரல உள்ள எடு, கண்ணு.”

“வரல, அம்மா.”

வெளிச்சக் கீற்று மெலிந்துகொண்டிருந்தது.